கரையேறியபின் ஒரு சொல்



2025ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தின் இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் காலை, மீஞ்சூர் இரயில் நிலையத்தில் சென்னைக்குச் செல்லும் மின்சார வண்டியை எதிர்நோக்கி நின்றுகொண்டிருந்தோம். கும்மிடிப்பூண்டியிலிருந்து வந்த வண்டி வழக்கம்போல் நிரம்பி வந்து நின்றது. பொன்னேரியில் ஏறிய மீன்காரத் தாய்மார் சிலர் கூடைகளோடு இறங்கினர். அவர்கள் இறங்கி முடிப்பதற்குள்ளாகவே ஏறுகிறவர்கள் முண்டியடித்தனர். அந்த நெருக்கடியில் கல்லூரி மாணவன் ஒருவனுடைய சட்டைப் பையிலிருந்து பயணச்சீட்டும் அடையாள அட்டையும் நழுவித் தரையில் விழுந்தன. அவன் கவனிக்கவில்லை. மீன்காரத் தாய் ஒருத்தி கவனித்துவிட்டாள். தலையில் கூடை இருந்தபடியே, முழங்காலை மடக்கி, கழுத்து அசையாமல் குனிந்து அவற்றை எடுத்தாள். "தம்பி, தம்பி" என்று கூவிக்கொண்டே ஓடி, வண்டி நகர்வதற்கு முன் அவன் கையில் சேர்த்தாள். அவன் வாங்கிக்கொண்டான். காதில் செருகியிருந்த கருவியை எடுக்கவுமில்லை. அவள் முகத்தைப் பார்க்கவுமில்லை. வண்டி போய்விட்டது.

அந்தத் தாய்க்கு அதில் மனத்தாங்கல் இருந்ததாகத் தெரியவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் தன் வழியே போனாள். மனத்தாங்கல் கொண்டவர் நாமே. "ஒரு சொல், ஒரே ஒரு சொல் சொல்லியிருக்கக் கூடாதா? காலம் இப்படிக் கெட்டுவிட்டதே!" என்று நம்முள் புழுங்கினோம்.

அந்த வாரத்து ஞாயிறு அக்டோபர் 12. திருச்சபை அன்று நமக்கு அளித்த நற்செய்தி, பத்துத் தொழுநோயாளர் குணம் பெற்ற வரலாறு. பத்துப் பேரும் குணமடைந்தனர். ஒருவர் மட்டுமே திரும்பி வந்து ஆண்டவருடைய பாதத்தில் விழுந்தார். அவரும் யூதரல்லாத சமாரியர். கையில் வாசகம் இருக்க, மனத்தில் இரயில் நிலையம் இருக்க, மறையுரைக்கு வேறென்ன வேண்டும்? முழுமூச்சாகப் பேசினோம். பிள்ளைகள் பெற்றோருக்கு நன்றி சொல்வதில்லை என்றோம். கடைக்காரர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, வாங்குகிறவரும் பேசுவதில்லை என்றோம். முதியோருக்கு இடம் விட்டு எழுந்திருப்பார் இல்லை என்றோம். மக்கள் தலையசைத்தனர். சிலர் தத்தம் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தனர். நல்ல மறையுரை நிகழ்த்தினோம் என்ற நிறைவோடு அறைவீடு திரும்பினோம்.

பகல் பதினோரு மணியளவில் வாசலில் ஒரு மூதாட்டி வந்து நின்றார். கையில் வாழையிலையில் சுற்றிய பொட்டலம். பழவேற்காட்டு மடவை மீன். "தோத்திரம் சாமி" என்றார். இப்போது பிள்ளைகள் "குட் மார்னிங் ஃபாதர்" என்கிறார்கள். தோத்திரம் சொல்கிறவர்கள் அருகிவிட்டார்கள். உட்காரச் சொன்னோம். முந்தானை முடிச்சை அவிழ்த்து, மடித்து மடித்து வைத்திருந்த பணத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். "கல்லறைத் திருநாளுக்கு எங்க வூட்டுக்காரருக்கு ஒரு பூசை வெக்கணும் சாமி" என்றார். பெயர் கேட்டோம், சொன்னார். அப்பெயர் நமக்கு ஒன்றும் நினைவூட்டவில்லை. குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம்.

எழுந்து போகுமுன் அவர் சற்றுத் தயங்கி, "சாமிக்கு ஞாபகம் இல்லியா? அக்கரைக்குத் தோணி தள்ளுவாரே, அவருதான்" என்றார்.

நம் கையிலிருந்த எழுதுகோல் அப்படியே நின்றுவிட்டது.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முந்திய செய்தி. குருப்பட்டம் பெற்று இரண்டாம் ஆண்டில், துணைப் பங்குக் குருவாக நாம் இப்பக்கம் அனுப்பப்பட்டிருந்தோம். பழவேற்காடு ஏரியை அறியாத வாசகர்களுக்கு ஒரு சொல்: இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில், ஒரிசாவின் சிலிகாவுக்கு அடுத்த பெரிய ஏரி அது. ஆரணியாறும் காளங்கியும் சுவர்ணமுகியும் அதில் நன்னீரைச் சேர்க்கின்றன. முகத்துவாரம் கடல்நீரைச் சேர்க்கிறது. பல இடங்களில் ஆளுயர ஆழங்கூட இராது. ஆயினும் வாடைக்காற்று எழும்பும் நாட்களில் அந்த ஆழமற்ற நீர் காட்டும் கோபத்தைக் கண்டவர்கள் அதை எளிதாக எண்ண மாட்டார்கள். ஏரிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல்திட்டில் குப்பங்கள் இருக்கின்றன. இந்நாட்களில் பாலத்தின்மேல் வண்டியிலேயே அக்கரை போய்விடலாம். அந்நாட்களில் தோணிதான் வழி.

வாரந்தோறும் திருப்பலிக்காக நம்மை அக்கரைக் குப்பமொன்றுக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்தவர் அந்தப் பெரியவர். நமக்கு அப்போது வயது முப்பதுகூட ஆகவில்லை. அவருக்கு ஐம்பதைக் கடந்திருக்கும். கழியூன்றித் தோணியைச் செலுத்துவார். நீர் மிகக் குறைந்த இடத்தில் இறங்கித் தள்ளுவார். நாமோ திருப்பலிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கட்டளைச் செபம் சொல்லியபடி அமர்ந்திருப்போம். முதல் வாரம் கூலி கொடுக்க முற்பட்டோம். "சாமிகிட்டக் கூலியா?" என்று கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அதோடு அந்தக் கணக்கு முடிந்துவிட்டதாக நாமும் எண்ணிக்கொண்டோம்.

ஐப்பசி அடைமழையில் ஓர் இரவு, சாகுந்தறுவாயிலிருந்த ஒரு முதியவருக்கு நோயிற்பூசுதல் கொடுக்க வேண்டுமென்று அக்கரையிலிருந்து ஆள் வந்தது. அந்தப் பெரியவர் துறையில் தோணியோடு காத்திருந்தார். நடு ஏரியில் காற்று திருப்பியடித்தது. கழி நிற்கவில்லை. அவர் நீரில் குதித்தார். மார்பளவு நீரில், தோணியின் பின்புறத்தைத் தோளால் முட்டித் தள்ளியபடியே நெடுந்தூரம் வந்தார். நற்கருணைப் பேழை நனையாதிருக்கத் தம் தலைத்துண்டை அவிழ்த்துக் கொடுத்து நம் மார்பில் சுற்றிக்கொள்ளச் சொன்னார். கரை தட்டியதும் நாம் குதித்து ஓடினோம். உயிர் பிரிவதற்குமுன் போய்ச் சேர்ந்தோம். அவ்வூர் உபதேசியார் வீட்டில் உலர்ந்த துணியும் சூடான கஞ்சியும் கிடைத்தன, படுத்து உறங்கினோம். அந்தப் பெரியவர் அன்றிரவு எங்கே உண்டார், எங்கே படுத்தார் என்று நாம் கேட்கவில்லை. விடிந்ததும் அவர் தோணியிலிருந்தார். ஏறினோம். இக்கரையில் இறங்கினோம். காலைத் திருப்பலிக்கு நேரமாகிவிட்டதென்று விரைந்து நடந்தோம்.

பின்னர் மாற்றலாகி வேறு பங்குகளுக்குச் சென்றோம். அவர் இறந்துவிட்டார் என்று யாரோ ஒரு திருவிழாவில் சொன்னார்கள். "ஐயோ பாவம், நல்ல மனிதர்" என்றோம். அவர் வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதவில்லை. கணவரை இழந்த அந்த அம்மாள் மீஞ்சூரில் மணமாகி வாழும் மகளோடு வந்து தங்கியிருப்பதும், ஞாயிறுதோறும் நம் கோயிலிலேயே திருப்பலி காண்பதும் அன்றுதான் நமக்குத் தெரிந்தது.

அவரிடம் உண்மையைச் சொன்னோம். "அம்மா, இன்று ஊருக்கெல்லாம் நன்றியைப் பற்றிப் பேசினேன். உங்கள் கணவருக்கு ஒரு நாளாவது நன்றி சொன்னதாக எனக்கு நினைவில்லை" என்றோம்.

அந்த அம்மாள் சிரித்தார். "அவரு யாருகிட்ட சாமி நன்றி எதிர்பார்த்தாரு? கடமைன்னு செஞ்சாரு" என்றார். பிறகு சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "நீங்க கரையேறிப் போறப்ப, திரும்பிப் பாப்பீங்களான்னு கொஞ்ச நேரம் நிப்பாராம். சாமிக்கு ஆயிரம் வேலை, எப்பிடித் திரும்புவாருன்னு அவரே சொல்லிக்குவாரு" என்றார்.

கோபமில்லாமல் சொல்லப்பட்ட சொல் அது. ஆகையால்தான் இந்நாள்வரை நம்மை உறுத்துகிறது.

"ஆற்றைக் கடக்கும்வரை அண்ணன் தம்பி, கடந்தபின் நீ யாரோ, நான் யாரோ" என்பது நம் நாட்டுப் பழமொழி. பிறரைக் குறித்து எத்தனை முறை நாம் அதைச் சொல்லியிருப்போம்! ஏரியைக் கடந்துவிட்டு, திரும்பிப் பாராமல் நடந்தவர் நாமே என்பது அன்றுதான் தெரிந்தது. பத்துப் பேரில் அந்த ஒருவர் செய்தது என்ன? திரும்பினார். வழக்கமாக நாம் அவர் வாயால் சொன்ன நன்றியைப் பற்றியே பேசுகிறோம். அதற்கு முன் அவருடைய கால்கள் திரும்பின. மற்ற ஒன்பது பேரும் கெட்டவர்களல்லர். குருக்களிடம் போய்க் காட்டுங்கள் என்ற ஆண்டவரின் கட்டளையை நிறைவேற்றவே சென்றனர். அவர்களுக்கும் வேலை இருந்தது, நமக்குக் காலைத் திருப்பலி இருந்ததுபோல.

அதே ஞாயிற்றின் முதல் வாசகத்தையும் நாம் மேலோட்டமாகக் கடந்துவிட்டிருந்தோம். சிரியா நாட்டுப் படைத்தலைவன் நாமான், யோர்தானில் ஏழுமுறை மூழ்கித் தொழுநோய் நீங்கியபின், தன் பரிவாரத்தோடு எலிசேயுவிடம் திரும்பி வருகிறான், காணிக்கையை ஏற்கும்படி வற்புறுத்துகிறான், இறைவாக்கினர் மறுத்துவிடுகிறார். நம் பெரியவரும் எலிசேயுவைப்போல் கூலியை மறுத்தார். ஆனால் நாம் நாமானைப்போல் திரும்பி வரவில்லை. கூலி வேண்டாம் என்றவர், நன்றி வேண்டாம் என்று சொல்லவில்லையே! இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொண்டதுதான் நம் பிழை.

அன்புக்குரியவர்களே, இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழக்கூடும். "நன்றி என்று வாயால் சொல்வது வெள்ளைக்காரர் பழக்கம், தமிழர் உள்ளத்தில் வைத்துக்கொள்வார்கள், வெளியே சொல்ல மாட்டார்கள்" என்பர் சிலர். அதில் உண்மை இல்லாமலில்லை. "நன்றி" என்னும் சொல்லுக்கே பழந்தமிழில் நன்மை என்பதே பொருள். வள்ளுவர் பத்துக் குறள் பாடி வைத்த அதிகாரத்திற்குச் செய்ந்நன்றி அறிதல் என்று பெயர்: பிறர் செய்த நன்மையை அறிந்திருத்தல். வாயால் உரைக்கும் உபசாரச் சொல்லாக அது வழங்குவது பிற்காலத்தது. நம் தாய்மார் சமைத்துப் போட்ட சோற்றுக்கு நாம் நன்றி சொல்லி உண்டதில்லை, சொல்லியிருந்தால், "என்னடா, விருந்தாளிபோல் பேசுகிறாய்?" என்று வருந்தியிருப்பார்கள்.

இது தமிழர்க்கு மட்டும் உரியதன்று. 2018ஆம் ஆண்டு இலண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழ் ஒன்றில், உலகின் பல பாகங்களில் பேசப்படும் 8 மொழிகளைப் பற்றிய ஆராய்ச்சி வெளிவந்தது. வீடுகளிலும் ஊர்களிலும் மக்கள் இயல்பாக உரையாடுவதைப் பதிவு செய்து பார்த்தார்கள். உற்றார் உறவினரிடையே ஒரு பொருளையோ உதவியையோ கேட்டுப் பெற்றவர்கள், சுமார் இருபது தடவைக்கு ஒரு தடவைதான் வாய்திறந்து நன்றி சொன்னார்கள். ஆங்கிலேயரும் இத்தாலியரும் சற்று அதிகம் சொன்னார்கள். தென்னமெரிக்காவின் எக்குவதோர் நாட்டிலுள்ள ஒரு பழங்குடியினரின் மொழியில், நன்றி சொல்வதற்கென்று வழக்கமான சொல்லே இல்லை. அவர்கள் நன்றி கெட்டவர்களா? அல்லர். கேட்டால் கொடுப்பதும், பிறகு அவர் கேட்டால் இவர் கொடுப்பதும் அங்கே மூச்சுவிடுவதுபோல் நடந்துகொண்டிருக்கிறது.

நம் ஏரிக்கரையிலும் அப்படிப்பட்ட ஒழுங்கு ஒன்று உண்டு. அதற்குப் பாடு என்று பெயர். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் மீனவர், ஏரியில் இறாலும் மீனும் நன்கு விழும் இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். இன்று ஓர் ஊருக்கு, நாளை வேறோர் ஊருக்கு. ஊருக்குள்ளும் ஒருவர்பின் ஒருவராக. எவ்வளவு மீன் துள்ளினாலும் அயலான் பாட்டில் ஒருவர் வலை கட்டுவதில்லை. அந்த முறைக்குள் இடம் பெறாத குடிகளும் ஏரியைச் சுற்றி உண்டு. அவர்களுடைய மனக்குறையும் மெய்யே. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். இன்று உன் முறை என்று நான் வலையைச் சுருட்டிக்கொண்டு ஒதுங்கி நிற்கிறேனே, அதைவிடப் பெரிய மரியாதை எது? அதற்கு நன்றி சொல்லத் தேவையில்லை. நாளை நீ எனக்காக ஒதுங்கி நிற்பாய். அங்கே நன்றி என்பது சொல்லன்று, திரும்பி வரும் முறை.

அப்படியானால் நம் மறையுரை தவறா? நெடுநேரம் சிந்தித்து நாம் கண்டது இதுதான். எல்லாரும் எல்லாரையும் அறிந்த ஊரில், இன்று பெற்ற நன்மையை அடுத்த வாரம் திருப்பிக் கொடுக்கலாம். மீன் கொடுத்த வீட்டுக்கு முருங்கைக்காய் போகும். பிணம் தூக்கியவன் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி பரிமாறலாம். சொல் இல்லாவிடினும் கணக்கு நேராகிவிடும். ஆனால் நம் மீஞ்சூர் இன்று அந்த ஊரா? அருகே அனல்மின் நிலையங்களும் துறைமுகங்களும் கிடங்குகளும் வந்துவிட்டன. ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர் நம் தெருக்களில் குடியிருக்கிறார்கள். மின்சார வண்டியில் நம் பக்கத்தில் அமர்பவரை மறுபடி காண்போம் என்பதற்கு உறுதியில்லை. பயணச்சீட்டை எடுத்துக் கொடுத்த மீன்காரத் தாய்க்கு அந்த மாணவன் எந்த வாரம், எந்தப் பண்டம் கொடுத்துக் கடன் தீர்ப்பான்? அடுத்த வாரம் என்பது அங்கே இல்லை. அந்த ஒரு கணம்தான் உண்டு. அந்தக் கணத்தில் கொடுக்கக்கூடியது ஒரு சொல்லும் ஒரு பார்வையும் மட்டுமே. ஆகவே, நம் பாட்டனார் காலத்தில் நன்றி என்ற சொல் அவ்வளவாகத் தேவைப்படவில்லை என்பது மெய். அதனாலேயே நமக்குத் தேவையில்லை என்பது பொய். பழைய கொடுக்கல் வாங்கல் அறுந்துபோன இடத்தில் புதிய சொல்லும் பிறக்காமற்போனால், மனிதரிடையே மிஞ்சுவது காசு ஒன்றே.

"காசு கொடுத்தாயிற்று, பிறகு நன்றி எதற்கு?" என்ற கேள்வி இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. எரிவாயு உருளையை மூன்றாம் மாடிக்குத் தோளில் சுமந்து வருகிறவர், மழையில் நனைந்தபடி உணவுப் பொட்டலம் கொண்டுவரும் பிள்ளை, விடியுமுன் தெருக் கூட்டும் அம்மாள் ஆகிய இவர்களுக்குக் கூலி உண்டுதான். கூலி உழைப்புக்கு, நன்றி ஆளுக்கு. கூலியை இயந்திரத்தின் வழியாகக்கூட அனுப்பிவிடலாம், இப்போது அப்படித்தான் அனுப்புகிறோம். ஆளை ஆள்தான் நிமிர்ந்து பார்க்க முடியும்.

இன்னொரு கசப்பான உண்மையையும் சொல்லவேண்டும். நம்மிடையே நன்றி மேல்நோக்கியே பாய்கிறது, கீழ்நோக்கி வருவதில்லை. பங்குத் திருவிழா முடிவில் நன்றியுரை அரைமணி நேரம் நடக்கிறது. கொடையாளர், அதிகாரிகள், சிறப்பு விருந்தினர் அனைவருக்கும் பொன்னாடை போர்த்துகிறோம். பந்தல் போட்டவர், எச்சில் இலை எடுத்தவர், கழிவறை கழுவியவர் ஆகியோருக்கு "மற்றும் பலருக்கும்" என்ற மூன்றாவது வரியில் இடம் கிடைத்தால் பெரிது. நம்மைவிட இருபது வயது மூத்தவரானாலும், அவர் செய்யும் தொழிலைப் பார்த்து "வா", "போ" என்கிறோம். நாமும் இதற்கு விலக்கல்ல. அந்தத் தோணிக்காரப் பெரியவரை "பெரியவரே" என்று அழைத்துவிட்டு, அடுத்த வாக்கியத்திலேயே "சீக்கிரம் தள்ளு" என்று சொன்ன நினைவு நமக்கு வருகிறது. அவர் முதுமைக்கு மரியாதையும், அவர் தொழிலுக்கு அவமரியாதையும் ஒரே மூச்சில் கொடுத்திருக்கிறோம்.

நாடளவில் நடப்பதும் இதுவே. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைத் தெருக்கள் ஆறாகியபோது, கடலோரக் குப்பங்களின் மீனவர் தம் படகுகளை ஏற்றிக்கொண்டு வந்து மாடிகளில் தவித்தவர்களை மீட்டனர். 2018 ஆகஸ்டில் கேரளத்தில் 600க்கு மேற்பட்ட மீன்பிடிப் படகுகள் வெள்ளத்தில் இறங்கின. அம்மாநில முதல்வர் அம்மீனவரைக் கேரளத்தின் சொந்தப் படை என்று போற்றினார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்தது. நம்மிடமிருந்து சில கல் தொலைவிலுள்ள குப்பங்களின் மீனவர், குவளையாலும் வாளியாலும் வெறுங்கையாலும் அதை அள்ளினார்கள். எத்தனை கைதட்டல், எத்தனை புகழுரை! வெள்ளம் வடிந்தது. அதே மீனவரின் மனைவி அதே மீன்கூடையோடு மின்சார வண்டியில் ஏறும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்து அமர்கிறோம்.

இதைவிட நெஞ்சைச் சுடும் நிகழ்ச்சி 2020இல் நடந்தது. மார்ச் 22ஆம் நாள் மாலை 5 மணிக்கு நாடெங்கும் மக்கள் வாசலில் நின்று, மருத்துவருக்கும் செவிலியருக்கும் நன்றியாகக் கைதட்டினர், தட்டுகளை ஒலித்தனர். நாமும் கோயில் மணியை அடித்தோம். நான்கு வாரங்கள் கழிந்தன. ஏப்ரல் 19ஆம் நாள் சென்னையில், கொரோனா தொற்றி உயிர்நீத்த நரம்பியல் அறுவை மருத்துவர் ஒருவரை, நம் கிறிஸ்தவ சகோதரரை, அடக்கம் செய்யக் கொண்டுசென்றபோது ஒரு கூட்டம் கல்லாலும் கட்டையாலும் தாக்கியது. ஊர்திக் கண்ணாடி உடைந்தது, ஊழியர் காயமுற்றனர். நள்ளிரவில் உடன் மருத்துவர் ஒருவர் தாமே மண்ணைத் தள்ளி அவரை அடக்கம் செய்ய நேர்ந்தது. அச்சம் அம்மக்களின் கண்ணை மறைத்தது என்பதை அறிவோம். ஆயினும் ஒரு பாடம் மறக்கத் தகாதது. கூட்டமாகச் சொல்லும் நன்றி எளிது. எதிரில் நிற்கும் ஒருவருக்குச் செய்யும் மரியாதைதான் அரிது. பின்னது இல்லாவிட்டால் முன்னது வெறும் ஓசை.

நற்செய்தியில் திரும்பி வந்தவர் அந்நியர் என்று கண்டோமல்லவா? நம் பங்கிலும் ஓர் அந்நியர் வந்தார். கட்டட வேலைக்கு வந்த ஒரிசா இளைஞர் ஒருவர் கடுங்காய்ச்சலில் கிடந்தபோது, நம் இளைஞர் சிலர் அவரை மருத்துவமனையில் சேர்த்துப் பார்த்துக்கொண்டனர். சில வாரங்களுக்குப்பின் ஒரு மாலை அவர் அறைவீட்டு வாசலில் வந்து நின்றார். அவருக்குத் தமிழ் தெரியாது; நமக்கு அவர் மொழி தெரியாது. கையில் ஒரு பிஸ்கோத்துப் பொட்டலம். அதை மேசைமேல் வைத்தார், இரு கைகளையும் கூப்பினார், கண் கலங்கினார், போய்விட்டார். அன்றிரவே அவர் ஊருக்கு இரயில் ஏறுகிறார் என்று பிறகு அறிந்தோம். ஊருக்குப் போகும் அவசரத்திலும் அவர் திரும்பி வந்திருந்தார்.

குடும்பங்களுக்கு நாம் சொல்ல விரும்புவது சிலவே. குழந்தைக்கு ஒருவர் மிட்டாய் கொடுத்தால், "மாமாவுக்குத் தேங்க்ஸ் சொல்லு" என்று அதட்டுகிறோம். குழந்தை நம் வாயைக் கேட்டுக் கற்பதில்லை. நம் நடையைப் பார்த்துக் கற்கிறது. தந்தை பால்காரரை முகம் பார்த்துப் பேசினால், மகன் மீன்காரத் தாயை முகம் பார்த்துப் பேசுவான். அந்த இரயில் நிலையத்து மாணவனை நாம் கடிந்துகொண்டோம். அவன் யாரைப் பார்த்து வளர்ந்தான்? ஒருவேளை, கரையேறியபின் திரும்பிப் பாராத நம்மைப்போன்ற பெரியவர்களைப் பார்த்துத்தானோ?

கணவன் மனைவியரிடையே நன்றி என்ற சொல் அந்நியமாய்த் தோன்றினால், அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள். "குழம்பு நன்றாயிருக்கிறது", "இன்று மிகவும் களைத்துப் போனாய்" என்றாவது சொல்லுங்கள். "உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்றனர் முன்னோர். நாள்தோறும் உப்பிடுகிறவளை ஒரு நாளாவது நினைத்ததாகத் தெரியப்படுத்த வேண்டாமா? செத்தபின் கல்லறையில் பளிங்குக் கல் நாட்டி நன்றி எழுதுகிறோம். உயிரோடிருந்தவர் அதைப் படித்ததில்லை.

கோயிலுக்கும் இது பொருந்தும். யூக்கரிஸ்தியா என்ற கிரேக்கச் சொல்லுக்கு நன்றி செலுத்துதல் என்பதே பொருள். நாம் காணும் திருப்பலியே ஒரு நன்றி. நன்மை வாங்கிய சூடு ஆறுமுன், இறுதி ஆசீருக்குக்கூடக் காத்திராமல், வாசலில் மோட்டார் சைக்கிள்கள் உறுமத் தொடங்குகின்றனவே! ஆண்டவர் அதற்காக நம்மைக் கோபிக்க மாட்டார். ஆனால் அவரும், திரும்பிப் பார்ப்பார்களா என்று கொஞ்ச நேரம் நிற்கிறார் போலும்.

நவம்பர் 2ஆம் நாள், கல்லறைத் திருநாள், ஞாயிற்றுக்கிழமையாகவே வந்தது. அன்று திருப்பலியில் அந்தப் பெரியவரின் பெயரைச் சொல்லி, நாம் அவருக்குப் பட்ட கடனையும், அதைத் தீர்க்காமல் விட்டதையும் மக்கள்முன் அறிக்கையிட்டோம். மூன்று வாரத்திற்குமுன் தலையசைத்தவர்கள் அன்று தலையசைக்கவில்லை, சிலர் குனிந்துகொண்டார்கள். மாலையில் அந்த அம்மாளையும் மகளையும் அழைத்துக்கொண்டு பழவேற்காட்டுக்குச் சென்றோம். பாலத்தைக் கடந்து அக்கரைக் குப்பத்துக் கல்லறைத் தோட்டத்தை அடைந்தோம். மணல்மேட்டில் ஒரு சிறு மரச்சிலுவை. அதன்முன் மெழுகுதிரி ஏற்றினோம். காற்று அணைத்தது. மறுபடி ஏற்றினோம், அந்த அம்மாள் முந்தானையால் மறைத்துக்கொண்டார்.

"பெரியவரே, உங்களுக்கு நன்றி" என்று வாய்விட்டே சொன்னோம். முப்பது ஆண்டுக் காலதாமதம். இறைவனின் இரக்கத்தில் அது அவருக்குக் கேட்டிருக்கும் என்பது நம் விசுவாசம். ஆனால் உயிரோடிருப்பவர்களுக்குச் சொல்ல விசுவாசம்கூடத் தேவையில்லை. சற்றே திரும்பினால் போதும்.

இவ்விதழை மூடிவைக்குமுன், அன்பார்ந்த வாசகரே, உங்களைக் கரையேற்றிவிட்ட ஒருவரை நினைத்துப் பாருங்கள். கல்வி கற்பித்தவரோ, கடன் கொடுத்தவரோ, இரவெல்லாம் உங்கள் கட்டிலருகே விழித்திருந்தவரோ, யாராயினும் ஆகுக. அவர் இன்னும் உயிரோடிருந்தால் நீங்கள் பேறுபெற்றவர். இன்றே போய்ச் சொல்லுங்கள்.